மவுஸை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள்

நான் எழுதிய இணையதளப் பதிவுப் படிவம் ஒன்றைப் பார்வையற்ற சோதனையாளர் ஒருவரிடம் கொடுத்தோம். அதன் அழகில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவர் திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை ஓடவிட்டு டேப் விசையைத் தட்டினார். "எடிட், பிளாங்க்." காலிப் பெட்டி என்று அர்த்தம். மறுபடி தட்டினார். "எடிட், பிளாங்க்." எதில் பெயர், எதில் தொலைபேசி எண் என்று பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சொன்னேன். பெட்டிக்கு மேலே 'பெயர்' என்று எழுதியிருந்தேனே தவிர, லேபிள் டேக் என்ற எச்டிஎம்எல் குறியால் அதைப் பெட்டியோடு இணைக்கவில்லை.

ஒருவழியாக நிரப்பி முடித்தார். அப்புறம் 'சமர்ப்பி' பொத்தானைத் தேடினால், டேப் அதைத் தாண்டிப் பக்கத்தின் அடியிலிருந்த இணைப்புகளுக்குப் போய்விட்டது. பொத்தான் என்று நான் வைத்திருந்தது நிறம் பூசிய ஒரு டிவ், அதாவது எச்டிஎம்எல்லில் வெறும் கட்டம். மவுஸால் தட்டினால் வேலை செய்யும். விசைப்பலகைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பட்டன் டேக் போட்டிருந்தால் டேப் அங்கே நின்றிருக்கும், என்டரும் ஸ்பேஸும் வேலை செய்திருக்கும். தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

கை நடுங்குபவர்களும் விசைப்பலகைக்குப் பதில் ஓரிரு பொத்தான்களை மட்டும் அழுத்தும் சுவிட்ச் கருவி வைத்திருப்பவர்களும்கூட இந்த விசைப்பலகை வழியைத்தான் நம்பியிருக்கிறார்கள். டேப் நிற்குமிடத்தைக் காட்டும் கட்டம் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று வடிவமைப்பாளர்கள் கேட்பதுண்டு. எடுத்தால், தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று விசைப்பலகையை நம்பியிருப்பவர்களுக்குத் தெரியாது. நிறத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

நிறம் என்றதும் இன்னொன்று. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலின் ஏஏ நிலை. வெள்ளையின் மேல் பலரும் ஆசையாகப் போடும் 999 என்ற குறியீட்டுச் சாம்பல் நிறம் 2.85-ஐத் தாண்டாது.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் இதையெல்லாம் ஓரளவு பிடிக்கும், ஓட்டிப் பாருங்கள். ஆனால் படத்தின் ஆல்ட்டில், அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் விளக்கத்தில், 'போட்டோ 4021' என்று இருந்தாலும், ஏதோ இருக்கிறதே என்று பல கருவிகள் விட்டுவிடும். ஒரு வரி ஸ்கிரிப்டில் தளமே சரியாகிவிடும் என்று விற்கும் விட்ஜெட்டுகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சரி, படிவத்துக்கு வருகிறேன். எல்லாம் திருத்தி மறுவாரம் அவரிடமே கொடுத்தேன். தடங்கலே இல்லை, நிரப்பினார், என்டர் தட்டினார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "போயிடுச்சா, இல்லையா?" என்று கேட்டார். 'பதிவு முடிந்தது' என்று திரையில் பச்சையாக வந்திருந்தது. திரைவாசிப்பான் வாயே திறக்கவில்லை. திரையில் புதிதாக வரும் செய்தியைத் திரைவாசிப்பானைச் சொல்ல வைக்கும் ஏரியா-லைவ் (aria-live) என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் படித்தேன்.