கல்மணி நகை செய்பவர்களுக்கு உத்யம் பதிவு எதற்கு?

காங்கேயம், ஈரோடு, கோவைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே கல்மணி மாலை கோத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்களிடம் பேசினால், சுற்றிச் சுற்றி ஒரு குறைக்கே வந்து நிற்பார்கள்: சரக்கு போய்விடுகிறது, பணம் வருவதில்லை. இந்தக் குறைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கான நுழைவுச்சீட்டுதான் உத்யம் பதிவு.

மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகத்தின் பதிவு இது. 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. கணினி பழக்கமில்லாதவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கே நேரில் போய்க் கேட்கலாம்.

கவனம் வேண்டிய இடம், தொழிலைத் தேர்வு செய்யும் கட்டம். மணியை வாங்கிவந்து, இடையிடையே முடிச்சுப் போட்டு, கொக்கி மாட்டி மாலையாக்குவது உற்பத்தி. அங்கே 'வணிகம்' என்று குறித்துவிட்டால் வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான் கிடைக்கும். கீழே சொல்லும் சட்டப்படி பணத்தை வசூலிக்கும் உரிமை கைவிட்டுப் போய்விடும். இயற்கைக் கல் நகைக்கு 3211 என்று தொடங்கும் தொழில் குறியீடு. கண்ணாடி, பிளாஸ்டிக் மணிகளால் செய்யும் போலி நகைக்கு 3212. ஈரோடு மாவட்டத்தில் அகழாய்வு நடந்த பழங்கால ஊரான கொடுமணலில் சூதுபவளத்தையும் பளிங்கையும் அறுத்துத் துளையிட்டு மெருகேற்றினார்களே, அந்த வேலையை இன்று செய்பவர்களுக்கும் 3211தான்.

இனி வசூல். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி.

ஆகவே சரக்கைக் கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். பின்னால் செய்யும் பதிவு பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது. பில் போடுங்கள். "பளிங்கு மணி மாலை 6, நீளம் 18 அங்குலம்" என்று விவரமாக எழுதி, உத்யம் எண்ணையும் தேதியையும் குறித்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். "விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு" என்ற பேச்சு ஆபத்தானது: விற்பனையே நடக்கவில்லை என்று அவர் வாதாட இடம் கிடைத்துவிடும். விற்காத சரக்கை எத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்பதையாவது பில்லிலேயே எழுதிவிடுங்கள். தெரிந்தவர், உறவுக்காரர் என்று கூச்சப்படத் தேவையில்லை, உழைப்பு உங்களுடையது.

கெடு தாண்டியும் பணம் வராவிட்டால், குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்கல் மன்றத்தில் இணையவழியே மனுச் செய்யலாம். கொங்குப் பகுதிக்கு அது கோவையிலேயே இருக்கிறது. முதலில் சமரசம் பேசுவார்கள். படியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் கடைக்காரர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.