லாக் ஃபைலை அழிக்கும் முன்

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு மென்பொருளில் வேலை செய்யும் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, பில்டு (புரோகிராமை ஓடத் தயாராக்கும் வேலை) உடைந்ததும் முதலில் செய்த காரியம் லாக் ஃபைலையும் பேக்கேஜுகள் (பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்புகள்) இருக்கும் நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் அழித்ததுதான். "திரும்ப இன்ஸ்டால் பண்ணா ஓடிடும்ண்ணா" என்றார். ஓடவும் செய்தது. கூடவே, யாரும் கேட்காத நாற்பது பேக்கேஜுகளின் வெர்ஷனும் மாறியிருந்தது.

லாக் ஃபைல் என்பது எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன், அதன் கைரேகை (உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) என்ன என்று எழுதி வைத்த பட்டியல். அதை அழித்தால், அனுமதித்த வரம்புக்குள் அன்றைக்குக் கிடைக்கும் புதிய வெர்ஷன்கள் உள்ளே வந்துவிடும். பேக்கேஜுகளை இறக்கித் தரும் கருவி என்பிஎம். பில்டு சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். அது பட்டியலில் இருப்பதை மட்டும் எடுக்கும். என்னென்ன பேக்கேஜ், எந்த வெர்ஷன் வரம்பு என்று நாம் எழுதும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலோடு பட்டியல் ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். எந்த வெர்ஷன் என்று யோசிக்கும் வேலை இல்லாததால் நேரமும் மிச்சம்.

புதியது என்றாலே நல்லது என்ற நம்பிக்கையைத்தான் முதலில் விட வேண்டும். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட பேக்கேஜுகளில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் கோட் நுழைந்தது. அவற்றைப் பராமரிப்பவருக்கு என்பிஎம்மிலிருந்து வந்தது போலவே ஒரு போலி மின்னஞ்சல், அதை நம்பி அவர் ஏமாந்தார், அவ்வளவுதான். சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்த இடைவெளியில் லாக் ஃபைலை அழித்து இன்ஸ்டால் செய்தவர் கதி? அடுத்த வாரமே ஷாய் ஹுலுத் என்ற புழு வந்தது. இன்ஸ்டால் ஆனதும் தானாக ஓடும் போஸ்ட் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வழியாக ஓடி, மெஷினில் கிடைத்த, கணக்குகளுக்குச் சாவி போன்ற டோக்கன்களைத் திருடி, அவற்றை வைத்தே மற்ற பேக்கேஜுகளிலும் தன்னைப் பதித்துக்கொண்டது.

இரண்டுக்கும் ஒரே பூட்டு போதாது. ஸ்கிரிப்டை நிறுத்தினால் புழு நிற்கும். சாக்கில் வந்த கோட் நிற்காது, அது அப்ளிகேஷன் ஓடும்போது வேலை செய்வது. அதற்குப் புதிய வெர்ஷனைக் கொஞ்சம் ஆறப்போடுவதுதான் வழி.

நாங்கள் இப்போது என்பிஎம்முக்குப் பதிலாக பிஎன்பிஎம் என்ற கருவிக்கு மாறிவிட்டோம். பத்தாம் வெர்ஷனிலிருந்து அது பேக்கேஜுகளின் ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட்டாது. நாம் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும். பிரவுசரைக் கோட் மூலம் இயக்கும் பப்பெட்டியர் மாதிரி குரோமை இறக்க ஸ்கிரிப்ட் தேவைப்படும் சிலவற்றை மட்டும் அனுமதித்திருக்கிறோம். 'மினிமம் ரிலீஸ் ஏஜ்' என்ற செட்டிங்கில் 4320 என்று வைத்திருக்கிறோம். கணக்கு நிமிடத்தில், அதாவது மூன்று நாள். வெளிவந்து மூன்று நாள் ஆகாத வெர்ஷன் உள்ளே வராது. அவசரப் பாதுகாப்புத் திருத்தம் என்றால் அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் விலக்கு. அப்புறம், ஒரே வெர்ஷனை டிஸ்கில் ஒருமுறைதான் வைத்து எல்லா புராஜெக்டுக்கும் இணைத்துக்கொள்வதால் இன்ஸ்டாலும் வேகம். உண்மையைச் சொன்னால், டீம் சம்மதித்தது இந்த வேகத்துக்காகத்தான்.

சரி, தம்பியின் பில்டு முதலில் ஏன் உடைந்தது? சாக்கும் இல்லை, புழுவும் இல்லை. அவர் டெர்மினலில் வந்த முதல் எச்சரிக்கை வரியிலேயே எழுதியிருந்தது: லேப்டாப்பில் நோடு வெர்ஷன் பழையது.