காயில் கட்டும் கடையில் ஒரு கிட்டார்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற வழியில் ஒரு மோட்டார் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் கடை. சித்திரை வெயிலில் போர்வெல் மோட்டார்கள் வரிசையாக எரியும். கடை வாசலில் உருளை உருளையாகக் கிடக்கும். நான் அங்கே கொண்டுபோனது மோட்டார் இல்லை. ஓட்டை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றிலிருந்து கழற்றிய பிக்கப், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். காயில் அறுந்திருந்தது, மீட்டர் வைத்தால் முள் அசையவே இல்லை.

கடைக்கார அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு காந்தக் குச்சி, அதைச் சுற்றி முடிபோல ஒரு கம்பி.

"இது டைனமோதானேப்பா? சுத்துறது எங்க?"

"எதுவும் சுத்தாதுண்ணா. மேல இரும்புத் தந்தி ஆடும்."

"அப்ப சரி" என்றார். கிட்டார் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

காயிலுக்குள் ஊடுருவும் காந்தப்புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டார். சைக்கிள் டைனமோவில் காந்தம் சுற்றுவதால் புலம் மாறுகிறது. பிக்கப்பில் காந்தமும் அசையாது, காயிலும் அசையாது. காந்தத்துக்கு மேலே சில மில்லிமீட்டர் உயரத்தில் ஓடும் இரும்புத் தந்தி தானும் கொஞ்சம் காந்தமாகிவிடுகிறது. அது நொடிக்கு 110 முறை அதிர்ந்தால், காயிலுக்குள் புலமும் 110 முறை ஏறி இறங்கும். அதே 110 ஹெர்ட்ஸில் மின்னழுத்தம் வரும். ஓங்கி மீட்டினால்கூடச் சில நூறு மில்லிவோல்ட்தான். மீதியை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். நைலான் தந்தி மாட்டினால் ஒரு சத்தமும் வராது. பிக்கப்புக்கு இரும்பின் அசைவு மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் மரம் எதற்கு? தந்தியை இழுத்துப் பிடித்துக்கொள்ள. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கிட்டாரின் உடல் அலுமினிய வார்ப்பு. தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்ததுபோல இருக்கும். 1940 வாக்கில் லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர் நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். பார்க்கிறவர்களுக்குக் கிட்டார் மாதிரி தெரியவேண்டும் என்பதற்காகவே பக்கத்துக்கு ஒன்றாகச் சாதாரண கிட்டாரின் உடலைப் பிளந்து ஒட்டினார். எந்த மரத்தில் எந்த நாதம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் கட்டிய இரண்டு கிட்டாரில் ஒன்று தேக்கு, இன்னொன்று மா. ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்டு எது எது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மாமரம் எங்கள் ஊரில் சும்மா கிடைப்பதற்குக் கொஞ்சம் மேல். காய்ப்பு நின்ற தோப்பை வெட்டினால் மரம் அறுக்கும் மில்லுக்கு வந்துவிடும். ஆனால் மாம்பலகை பூச்சிக்குப் பிடித்த தீனி. மருந்து அடித்து, நிழலில் மாதக்கணக்கில் காயவைத்த பலகையாகப் பார்த்து வாங்கவேண்டும்.

கழுத்தையும் நானே செய்கிறேன் என்று இறங்கியதில்தான் சறுக்கினேன். கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகக் கம்பியான ஃப்ரெட்டை எங்கே பதிப்பது என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: மீதியிருக்கும் தந்தி நீளத்தை 18-ஆல் வகுத்து, வரும் தூரத்தில் அடுத்த ஃப்ரெட். பதினாறாம் நூற்றாண்டில் லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்துக்காக வின்சென்ஸோ கலிலி எழுதிவைத்தது. விஞ்ஞானி கலிலியோவின் அப்பா. கணக்கு போட வசதியான எண். நான் 648 மில்லிமீட்டர் தந்திக்கு அதை நம்பி 12 ஃப்ரெட் பதித்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 324-ல் விழவேண்டும். எனக்கு விழுந்தது 321.6-ல். இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் அரைச் சுரத்தில் எட்டில் ஒரு பங்கு இறங்கி ஒலித்தது. காது கூசியது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக்கினால், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் 1.05946 மடங்காகும், அதற்கு 18 சரிவராது, 17.817-ஆல் வகுக்கவேண்டும். லூட்டில் விரலை அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரம் கொஞ்சம் ஏறும். 18-இன் குறையை அது ஈடுகட்டிவிடும்.

அதற்குப் பிறகு உடைந்த அக்கூஸ்டிக் கிட்டாரின் கழுத்தைத்தான் தேடுகிறேன். வயிறு நொறுங்கினாலும் கழுத்து பெரும்பாலும் தப்பித்துவிடும். கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து, அதே தூரம் தாண்டி, தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜை வைத்தால் வேலை முடிந்தது. தடித்த தந்திகளுக்கு மட்டும் ஓரிரண்டு மில்லிமீட்டர் கூட்டவேண்டும்.

கிடைத்ததை வைத்துக் கட்டுவதில் பிரையன் மேயை மிஞ்ச ஆளில்லை. 1963-ல் அப்பாவும் மகனுமாகத் தொடங்கினார்கள். கழுத்துக்குக் கணப்படுப்பின் மேல்சட்டம், தந்தி அசைக்கும் கருவிக்கு மோட்டார்சைக்கிள் வால்வு ஸ்பிரிங், ஃப்ரெட் புள்ளிக்கு அம்மாவின் தையல் பெட்டிச் சிப்பிப் பொத்தான். குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் மே வாசித்தது அதைத்தான். 2007-ல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

சரி, காயிலுக்கு வருவோம். அண்ணனிடம் இருந்ததிலேயே மெல்லியது ஃபேன் காயிலுக்கான 36 கேஜ் கம்பி, குறுக்களவு 0.19 மில்லிமீட்டர். பிக்கப்புக்கு வேண்டியது 0.06. மூன்று மடங்கு தடித்த கம்பியைச் சுற்றினால் அதே இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு சுற்றுதான் அடங்கும். மின்னழுத்தமும் அப்படியே குறையும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு சுருள் வாங்கிவந்தேன். 7,600 சுற்று, நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

வீட்டுத் தையல் மெஷினில் பாபின் சுற்றும் அச்சில் பிக்கப்பைப் பொருத்தினேன். எண்ணுவதற்கு ஒரு மலிவு கால்குலேட்டர்: 1 + 1 அழுத்திவிட்டு, சமக்குறியை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகக் கூடும். அந்தப் பொத்தானின் இரு முனையிலும் காந்தம் நெருங்கினால் தானே மூடிக்கொள்ளும் கதவு அலாரத்தின் ரீட் சுவிட்சைப் பற்றவைத்து, அச்சோடு சுற்றும்படி ஒரு குட்டிக் காந்தம் ஒட்டினால், சுற்றுக்கு ஒரு எண். கம்பி விரலிடுக்கில் ஓடுவதே தெரியாது. கொஞ்சம் இறுகினால் அறுந்துவிடும், தளர்ந்தால் சுற்றுகள் தாமே அதிர்ந்து ஆம்ப்ளிஃபயர் கீச்சிடும். அதனால் கடைசியில் உருகிய மெழுகில் முக்கவேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 65 டிகிரி; நேரடி அடுப்பு கூடாது.

வால்யூமுக்குப் பழைய ஆம்ப்ளிஃபயரின் 10 கிலோ ஓம் கண்ட்ரோலைப் போட்டேன். போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல வந்தது. காயிலில் மின்தடை 6 கிலோ ஓம்தான், ஆனால் அதிர்வெண் ஏற ஏற அதன் தூண்டல் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். 10 கிலோ ஓமைச் சுமையாக மாட்டினால் மேல்சத்தம் எல்லாம் காயிலுக்குள்ளேயே நின்றுவிடும். 250 கிலோ ஓம் மாட்டியதும் தந்தி பளிச்சென்று பேசியது. டோனுக்குக் கண்டென்சர் 0.022 மைக்ரோஃபாரட், செத்த ரேடியோவில் 223 என்று போட்டிருக்கும். ஃபேன் கண்டென்சரைக் கழற்றவேண்டாம், அது 2.5, நூறு மடங்குக்கும் மேல் பெரிது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரின் நீளமும் இந்தக் கணக்கில் சேரும்: காயில் பளிச்சென்று தூக்கிக் கொடுக்கும் அதிர்வெண் 5 மீட்டர் ஒயரில் சுமார் 4,500 ஹெர்ட்ஸ் என்றால், 10 மீட்டர் ஒயர் மாட்டினால் 3,200-க்கு இறங்கிவிடும்.

வாசிக்கிறவர் தொடும் தந்திகள் எர்த்தோடு இணைந்தவை. மூன்று பின் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் இதைச் செருகவே கூடாது.

முடித்ததும் கடைக்கே எடுத்துப்போனேன். அண்ணன் புதிதாகக் கட்டிய மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். தந்தியைத் தொடாமலே ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்றது. மோட்டாரின் 50 ஹெர்ட்ஸ் புலம் என் காயிலுக்குள் புகுந்துவிட்டது. கிட்டாரை மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கியது, தாண்டினால் மறுபடி எழுந்தது. அண்ணன் சிரித்தார். "ரெண்டு காயில் கட்டி எதிரெதிரா ஜாயின்ட் பண்ணு. கரண்ட் சத்தம் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும்."

தந்தியின் சத்தமும் சேர்ந்து அடிபட்டுப்போகுமே என்றேன். கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுல காந்தத்தையும் தலைகீழா வையி." கிப்ஸன் கிட்டார் கம்பெனியில் 1955-ல் ஸெத் லவர் என்ற பொறியாளர் செய்ததும் இதேதான். இப்போது தையல் மெஷினில் இரண்டாவது பாபின் ஏறியிருக்கிறது. கால்குலேட்டர் 4,312-ல் நிற்கிறது.