கார்டு இருந்தா போதுமா? லிஸ்ட்ல பேரு இருக்கா பாருங்க

தேர்தல் டியூட்டிக்கு போற வாத்தியாருங்க எல்லாரும் பார்க்கிறதுதான், ஆனா இந்த தடவ மனசு ரொம்ப கஷ்டமாயிட்டு. கடற்கரை பக்கம் ஒரு பூத்ல வயசான அம்மச்சி ஒருத்தங்க வெயில்ல வரிசையில நின்னு வந்து, பிளாஸ்டிக் கவர்ல பொதிஞ்சு வச்சிருந்த வாக்காளர் கார்டை நீட்டுறாங்க. வாக்காளர் லிஸ்ட்ல பேரே இல்ல. "சாரே, கார்டு கையில இருக்கே, பின்ன என்ன?"

மக்களே, கார்டு நீங்க யாருன்னு காட்டத்தான். ஓட்டு உரிமை லிஸ்ட்லதான் இருக்கு. பேரு இல்லன்னா பத்து கார்டு கொண்டு வந்தாலும் ஓட்டு கிடையாது, பேரு இருந்து கார்டு தொலைஞ்சிருந்தா ஆதார், லைசென்ஸ், பாஸ்போர்ட், நூறுநாள் வேலை அட்டை, இதுல ஏதாவது ஒண்ணு போதும். பூத் சிலிப் மட்டும் கொண்டு வந்தா பத்தாது. எத்தனை தடவ சொன்னாலும் "போன தடவ போட்டேனே"ன்னுதான் பதில் வருது. போன தடவ லிஸ்ட் வேற, இந்த தடவ லிஸ்ட் வேற!

நம்ம கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியில இது சும்மா விடுற விஷயம் இல்ல. நாகர்கோவில் தொகுதின்னு இருந்த காலத்துல, எம்.பி.யா இருந்த நேசமணி மறைவுக்கு அப்புறம் 1969 இடைத்தேர்தல்ல காமராஜரை டெல்லிக்கு அனுப்பின மண்ணு இது. 1999 பாஜக, 2004 சிபிஎம், 2009 திமுக, 2014 மறுபடி பாஜக, 2019 காங்கிரஸ்னு அஞ்சு பொதுத்தேர்தல்ல அஞ்சு தடவையும் கட்சி மாறிச்சு. மதக் கணக்கு மட்டும் போட்டு ரிசல்ட் சொல்றவங்க இதுக்கு என்ன சொல்லுவாங்க? கூட்டணியும் வேட்பாளரும் மாறினா இங்க ஓட்டும் மாறும்.

ஆனா ஆளு ஊர்ல இருக்கணுமே. தூத்தூர் பக்கத்து ஆளுங்க ஆழ்கடலுக்கு போனா வாரக்கணக்குல வரமாட்டாங்க, பாதி வீட்டுல ஒருத்தர் கல்ஃப்ல, பொண்ணுங்க கல்யாணமாகி குளச்சல்ல இருந்து கருங்கல் போயிருப்பாங்க. லிஸ்ட் சரிபார்க்க வீட்டுக்கு வரும்போது ஆள் இல்லன்னா பேரு போக வாய்ப்பு இருக்கு.

அதனால இப்பவே பாருங்க. புதுசா சேர்க்க, விட்டுப்போன பேரை மறுபடி சேர்க்க படிவம் 6, வீடு மாறினா படிவம் 8. கல்ஃப்ல இருக்கிறவங்களுக்கு படிவம் 6ஏ, ஆனா ஓட்டு போட நேர்ல வரணும், பாஸ்போர்ட்டும் வேணும். வேட்புமனு கடைசி நாளோட லிஸ்ட் பூட்டிடும், அப்புறம் கலெக்டரே நினைச்சாலும் சேர்க்க முடியாது. தேர்தல் அன்னைக்கு காலையில வந்து எங்ககிட்ட சண்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.

வீட்டுல அம்மச்சி, அப்பச்சி இருந்தா பிள்ளைங்க நீங்களே போன்ல அவங்க பேரையும் தேடிப் பாருங்க, இல்லன்னா வாக்காளர் உதவி எண் 1950க்கு அடிச்சு கேளுங்க, ப்ளீஸ்.