அந்த ஆக்சிஜன் பத்தியை எடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள்

எங்கள் ஆய்வுக்குழுவில் ஒரு போஸ்ட்டாக் இடம், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை, இருக்கிறது. துருவக் கடல்களின் பைட்டோபிளாங்க்டன், அதாவது வெறும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள், பருவநிலை மாற்றத்தில் என்ன ஆகின்றன என்பதுதான் வேலை. வந்த கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் முனைவர் பட்டம் முடித்தவர்கள், நல்ல கட்டுரைகள் வெளியிட்டவர்கள். ஆனால் முதல் பத்தி மட்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருகிறது: ‘நாம் விடும் ஒவ்வொரு இரண்டாவது மூச்சும் பைட்டோபிளாங்க்டன் தந்தது. துருவப் பனி உருகி அவை அழிந்தால் மனிதகுலம் மூச்சுத் திணறும்.’

போதும் சாமி.

பள்ளிச் சுவரொட்டியில் இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இந்தத் துறையிலேயே வேலை கேட்பவர் எழுதினால் எப்படி? ஒருமுறை விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன்.

உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் நடக்கிறது. இது சரி. ஆனால் அதில் வெளியாகும் ஆக்சிஜன் எங்கே போகிறது? அதே நீரில் இருக்கும் பாக்டீரியாக்களும், பாசியை மேயும் சிற்றுயிர்களும், பாசியுமே சேர்ந்து கிட்டத்தட்ட முழுவதையும் சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. கைக்கும் வாய்க்குமான பிழைப்பு. காற்றுக்குக் கொடுக்க மிச்சம் எதுவும் நிற்பதில்லை. காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜன் போன வருடம் உற்பத்தியானதல்ல. செத்த உயிர்களின் கரிமத்தில் மிகச் சிறிய பங்கு மக்காமல் கடலடிச் சேற்றில் புதைந்தது. அப்படிப் புதைந்த அளவுக்கு ஈடான ஆக்சிஜன் செலவாகாமல் தங்கியது. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கையிருப்பு அது, சுமார் 12 லட்சம் கிகா டன். பூமியில் உயிரோடிருக்கும் மரம், பாசி, விலங்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொளுத்தினாலும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் செலவாகும். கடல் பாசி செத்தால் நமக்கு வேறு நூறு கேடு வரும். மூச்சு முட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை.

‘கடலில் ஆக்சிஜன் குறைகிறது என்கிறார்களே?’ குறைகிறதுதான். அது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். சூடான நீரில் வாயு குறைவாகக் கரையும். மேலடுக்கும் கீழடுக்கும் கலப்பதும் குறையும். அது மீனின் செவுளுக்கு வரும் பிரச்சினை, நம் நுரையீரலுக்கு அல்ல. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

அடுத்து, ‘உலகக் கடல்களின் பைட்டோபிளாங்க்டனில் 1950 முதல் 40 சதவீதம் அழிந்துவிட்டது’ என்ற வரி. இது 2010இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. நீரில் இறக்கிய வெள்ளைத் தட்டு எவ்வளவு ஆழம்வரை கண்ணுக்குத் தெரிகிறது என்ற பழைய கணக்கையும், பிற்காலத்தில் நேரடியாக அளந்த பச்சையத்தையும் ஒரே தொடராகக் கோத்தது அந்த ஆய்வு. அடுத்த ஆண்டே அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கோர்வையே பொய்யான சரிவைக் காட்டக்கூடும் என்று மறுத்தார்கள். மறுப்பை யாரும் படிப்பதில்லை, தலைப்புதான் நிற்கிறது.

ஆர்க்டிக்கில் நடந்தது இதற்கு நேரெதிர். செயற்கைக்கோள் தரவின்படி 1998 முதல் 2018 வரை ஆர்க்டிக் பெருங்கடலின் பாசி உற்பத்தி 57 சதவீதம் கூடியிருக்கிறது. முதலில் பனி விலகித் திறந்த நீர் கூடியதால். பிறகு பாசியின் செறிவே கூடியதால். செறிவு கூட வேண்டுமென்றால் எங்கிருந்தோ புதிய சத்து வர வேண்டும். எங்கிருந்து? இப்படி ஒரு கேள்வியோடு ஒரு கடிதம் வந்தால் எழுந்து நின்று வரவேற்பேன்.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்கு ஓடுகிறார்கள். ‘அப்படியானால் நல்லதுதானே, கரியமில வாயுவை எல்லாம் பாசியே உறிஞ்சிவிடுமே?’ உறிஞ்சுவது வேறு, ஆழத்தில் இறக்கிவைப்பது வேறு. 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென்பெருங்கடலில் லோகாஃபெக்ஸ் என்ற சோதனையை நடத்தின. அங்கே இரும்புச்சத்து பற்றாது என்பதால் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு உப்பைத் தூவினார்கள். பாசி பெருகியது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா மிகக் குறைவு என்பதால், அதைக் கொண்டு கனத்த கண்ணாடி ஓடு கட்டும் டயாட்டம் என்ற பாசிகள் பெருகவில்லை. வந்த சின்னப் பாசிகளைக் கோப்பிபாடுகள், அதாவது இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய மிதவை உயிர்கள், மேய்ந்து தீர்த்தன. ஆழத்துக்குப் போனது சொற்பம். எந்தப் பாசி, எவ்வளவு பெரியது, அதை யார் தின்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் ‘பாசி கூடியது’ என்பதில் பாதிச் செய்திகூட இல்லை. ஆர்க்டிக் பெருங்கடலின் கனடா ஆழ்கடல் படுகையில் நன்னீர் கலந்து மேலடுக்கு கீழடுக்கோடு கலக்காமல் மூடிபோல நின்றபோது பெரிய பாசிகள் குறைந்து மிகச் சிறியவை கூடியதை 2009இலேயே காட்டிவிட்டார்கள்.

செயற்கைக்கோள் படத்தை வேதவாக்காகவும் எடுக்காதீர்கள். 2011இல் அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே உள்ள சுக்சி கடலில் பனிக்கு அடியில் பாசி மண்டிக் கிடந்ததைக் கப்பலில் போனவர்கள்தான் பார்த்தார்கள். மேலிருந்து அது வெறும் வெள்ளை. ஆய்வுக் கப்பலை ஆர்க்டிக் பனியோடு மிதக்கவிட்ட மோசேக் பயணத்தில், 2020 மார்ச் இறுதியில், பனியும் அதன்மேல் வெண்பனியும் மூடியிருந்தபோதே கீழே பாசி வளரத் தொடங்கியது. ஒளிச்சேர்க்கைக்குக் கோட்பாட்டளவில் வேண்டிய குறைந்தபட்ச ஒளியை ஒட்டிய வெளிச்சம்தான் அங்கே இருந்தது. இன்னொன்று: ஒளி குறைந்தால் ஒரு செல் தன் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். பச்சையம் இரண்டு மடங்கு என்பதால் பாசியும் இரண்டு மடங்கு ஆகிவிடாது. ஆர்க்டிக்கில் விழும் பெரிய ஆறுகளின் முகத்துவாரங்களில் பழுப்பு நீரையே பச்சையம் என்று படித்துவிடும் பொதுக் கணிப்பு முறைகளும் உண்டு.

அப்படியானால் பயப்பட எதுவும் இல்லையா? இருக்கிறது. முதலில் பனியின் அடிப்பரப்பில் ஒட்டி வளரும் பாசி, சில வாரம் கழித்து நீரில் மிதக்கும் பாசி என்று துருவத்தில் சாப்பாடு இரண்டு பந்தியாக வருகிறது. கலானஸ் கிளேசியாலிஸ் என்ற கோப்பிபாட் முதல் பந்தியில் தின்று முட்டையிடும். குஞ்சுகள் இரண்டாம் பந்திக்குத் தயாராகும். பனி முன்னதாக உடைந்தால் இந்த இடைவெளி சுருங்குகிறது. குஞ்சு வளரும் முன்பே பந்தி முடிந்துவிட்டால், அதை நம்பியிருக்கும் மீனும் பறவையும் என்ன செய்யும்? இந்தக் கணக்கைப் போடத்தான் ஆள் தேடுகிறோம்.

சரி, விண்ணப்பிக்கிறீர்கள். விளம்பரத்தை முழுதாகப் படியுங்கள். ஆர்க்டிக் என்று போட்டிருந்தால் பெங்குவினைப் பற்றி எழுதாதீர்கள். (சிரிக்காதீர்கள், எழுதுகிறார்கள்.) வடக்கில் பாசியைப் பெரும்பாலும் நைட்ரேட் கட்டுப்படுத்துகிறது, தெற்கில் இரும்பு. ஒன்றின் வாதத்தை மற்றதில் வெட்டி ஒட்டினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள், தயவுசெய்து. கப்பலில் இடம் உறுதியா, ‘கிடைக்கலாம்’ என்ற நிலையா? பாசி பொங்கும் பருவம் ஆண்டுக்கு ஒருமுறை, சில வாரம்தான். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு பயணம் தள்ளிப்போனால் பாதி வேலை போச்சு. அப்போது ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா? ஏற்கெனவே உறைபெட்டியில் இருக்கும் மாதிரிகளை வைத்து எழுதலாமா? எழுதினால் முதல் பெயர் யாருடையது? வாய்வார்த்தையாக வேண்டாம், மின்னஞ்சலில் வாங்குங்கள். கூச்சப்பட்டவர்கள்தான் பிற்பாடு என்னிடம் வந்து அழுகிறார்கள். பயணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. சொத்தைப் பல்லை இப்போதே பார்த்துவிடுங்கள், நடுக்கடலில் பல் மருத்துவர் கிடையாது.

வேலை எப்படிப்பட்டது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நள்ளிரவில் ஆழத்திலிருந்து கடல்நீர் நிரம்பிய புட்டிகள் மேலே வரும். மங்கிய விளக்கில், குளிர் அறையில், லிட்டர் லிட்டராக நீரை வடிகட்ட வேண்டும். உறிஞ்சும் அழுத்தம் கூடினால் செல்கள் உடைந்து வடிதாளைத் தாண்டி ஓடிவிடும், அவசரப்பட முடியாது. முடிவில் 25 மில்லிமீட்டர் கண்ணாடியிழைத் தாளில் இளம்பழுப்புக் கறை ஒன்று மிஞ்சும். அதை இடுக்கியால் மடித்து, அலுமினியத் தாளில் சுற்றி, பெயர் எழுதி, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். பெயர் எழுதாத மாதிரி குப்பைக்குச் சமம்.

துருவ அனுபவம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெப்பக் கடலில் வேலை செய்தவர்களும் தாராளமாக வரலாம். பாசி வளர்ப்புகளை மாதக்கணக்கில் சாகவிடாமல் பார்த்துக்கொண்டவர், குளறுபடியான தரவை ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி மொழியில் பொறுமையாகச் சீர்செய்தவர் என்றால், அதைக் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே விளம்பரத்தில் உள்ள முகவரிக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்.