வர்த்தமானி

“அந்தக் காணியைக் கெசற் பண்ணிட்டாங்களாம்.” திருகோணமலையில் கன்னியாப் பக்கமோ திரியாய்ப் பக்கமோ இப்படியொரு பேச்சு எழுந்தால், கேட்பவருக்கு முதலில் நினைவில் வருவது தொல்பொருள் திணைக்களத்தின் பலகையும் எல்லைக்கல்லும்தான். அரச அறிவித்தல்கள் வெளியாகும் இதழ்தான் இது: பேச்சில் கெசற், அரச தாள்களில் வர்த்தமானி.

கெசற் வெனிஸ் நகரத்துச் சொல். ‘கசெட்டா’ அங்கே புழங்கிய சிறு காசு. செய்தித்தாளின் விலையே அதன் பெயரானது என்பர். இலங்கையில் அரச கெசற் 1802 மார்ச் 15இல் தொடங்கியது.

வர்த்தமானி வடமொழி வழி வந்தது. வர்த்தமானம் என்றால் நடந்துகொண்டிருப்பது. தமிழில் அது ‘செய்தி’ என்ற பொருளிலும் வழங்கியது. யாழ்ப்பாணத்தில் நாவலரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட பேர்சிவல் பாதிரியார், 1855இல் சென்னையில் தொடங்கிய இதழுக்குத் ‘தினவர்த்தமானி’ என்றே பெயரிட்டார். அன்று எந்தச் செய்தித்தாளுக்கும் பொருந்திய சொல், இலங்கையில் அரசின் தாளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. தமிழகத்தில் அதற்கு ‘அரசிதழ்’. கேட்டதும் விளங்கும் நல்ல தமிழ் அதுதான். ஆனால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், போய் அரசிதழ் கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள்!

சட்டத்துக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ, அதாவது கண்டி ஒப்பந்த நாளை, எல்லைக்கோடாகக் கொள்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அதற்கு வெகு முந்தியது. அதன் வாயிலில், இரட்டை மீன் சின்னத்தோடு, கோயில் திருப்பணி செய்தவனாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு சிதைந்த எழுத்துகளில் இன்றும் நிற்கிறது. இத்தகையது புராதனச் சின்னமாவதற்குத் தனி அறிவித்தல் தேவையில்லை, காலமே போதும்.

1815க்குப் பிந்திய கட்டடத்தைப் புராதனச் சின்னமாகக் கொள்ளவும், தனியார் காணியிலுள்ள சின்னத்தைப் ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ ஆக்கவும், அரச காணியைத் தொல்பொருளுக்கென ஒதுக்கவும்தான் அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில் வரவேண்டும். சின்னத்தைப் பாதுகாப்பது வேறு, காணியைச் சுவீகரிப்பது வேறு. பின்னதற்குத் தனிச் சட்டம் உண்டு. அந்த அறிவித்தலும் வர்த்தமானியிலேயே வருவதால், ஊரில் ‘கெசற்’ என்றாலே காணி போய்விட்டது என்று ஆகிவிடுகிறது. பயம் காரணமில்லாததல்ல. ஆனாலும் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் பயப்படுவதில் பயனில்லை.

அறிவித்தலின் அட்டவணையையும் வாசிக்க வேண்டும்: பிரதேச செயலாளர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு, எல்லைகள், இடத்தின் பெயர். பெயர் சின்ன விஷயமல்ல. பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரையை ஊரவர் நாதனார் கோவில் என்பர். அங்குள்ள சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டோ அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கிறது. மூன்றில் எது அரச தாளில் ஏறுகிறதோ, பிறகு பலகையிலும் வரைபடத்திலும் அதுதான் வரும்.