சனிக்கிழமை கதவு திறக்காது, ஐயா!

போன சனிக்கிழமையும் அதேதான் நடந்தது. மதுரையிலிருந்து ஒரு வேன். பாட்டி முதல் கைக்குழந்தை வரை பன்னிரண்டு பேர், இரவெல்லாம் பயணம் செய்த களைப்போடு, கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவின் கோடியில், யூதர்களின் பரதேசி தொழுகைக்கூடத்தின் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடும்பத்துப் பெரியவர் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, காவலாளியிடம் இந்த ஐந்நூறைக் கொடுத்துப் பேசிப் பாருங்கள்” என்றார்.

பதினான்கு வருடங்களாக இங்கே தமிழ்ப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். இந்த ஐந்நூறு ரூபாயை மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுகிறேன். வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். அன்று அவர்கள் பணத்தைத் தொடுவதே விலக்கு. அந்த நாளில், அந்த வாசலில், பணத்தையே நீட்டினால் நான் என்ன பேசிப் பார்ப்பது?

மறுத்தால் அடுத்துக் காதில் விழும் வாக்கியம்தான் எனக்கு எரிச்சலூட்டுவது: “யூதர்கள்தான் எல்லாரும் போய்விட்டார்களே, இது மியூசியம்தானே?” இல்லை. 1568இல் கட்டப்பட்ட இந்தப் பரதேசி தொழுகைக்கூடத்தைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், இங்கே மிஞ்சியிருப்பவர் ஓரிருவர்தான். முழுமையான கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். வெளியூர் யூதர்கள் வந்து அந்த எண்ணிக்கை நிறைந்தால் இன்றும் தொழுகை நடக்கிறது. திரைக்குப் பின்னால் பேழையில் இருப்பவை காட்சிப் பொருள்கள் அல்ல, யூதர்களின் வேதமான தோரா எழுதப்பட்ட சுருள்கள். ஊரே காலியாகி, வருடம் ஒருமுறை பங்காளிகள் கூடிப் பொங்கல் வைக்கும் குலதெய்வக் கோயிலை நாம் மியூசியம் என்போமா? மியூசியமாகவே பார்க்க வேண்டுமென்றால் பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள். அங்குள்ள பழைய தொழுகைக்கூடங்களை அரசு அருங்காட்சியகங்களாக்கியிருக்கிறது.

“பரதேசி” என்றதும் சிரிப்பவர்களே, பர தேசத்திலிருந்து வந்தவர் என்பதுதான் பொருள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழிவந்தோரும் அவர்களில் உண்டு. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மலபார் யூதர்கள் இங்கே வாழ்ந்தார்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகள் அளித்த செப்பேடு, தமிழ் எழுதவும் பயன்பட்ட பழைய வட்டெழுத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிறேன். அவர்களோ சிலுவை எங்கே என்கிறார்கள், அல்லது ஆறுமுனை நட்சத்திரத்தைக் காட்டி முருகன் சக்கரம் என்கிறார்கள். சிலுவைக்கு இங்கே வேலையில்லை. முருகன் சக்கரம் என்பவர்களைத் திருத்த எனக்கு மனம் வருவதில்லை.

உள்ளே போகும்போது செருப்பை வெளியே விடுங்கள். பிற நாட்டுத் தொழுகைக்கூடங்கள் பெரும்பாலானவற்றில் இந்த வழக்கம் இல்லை, கொச்சி யூதர்களுக்கு உண்டு. அரைக்கால் சட்டையும் கையில்லாத உடையும் வேண்டாம். கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். காலடியில் இருப்பவை சீனாவிலிருந்து வந்த, கையால் வண்ணம் தீட்டிய நீல ஓடுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். அதைச் சோதிக்கிறேன் என்று குழந்தைகளைத் தவழவிடாதீர்கள். நடுவிலுள்ள பித்தளைக் கம்பி மேடை கைபிடித்துச் சாய்வதற்கானது அல்ல. பேழைத் திரையை, தயவுசெய்து, தொடாதீர்கள்.

காலாண்டு விடுமுறையில் வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். யூதப் புத்தாண்டும் அதையடுத்த பண்டிகைகளும் செப்டம்பர், அக்டோபரில்தான் வரும், அப்போதும் பூட்டுதான். கிளம்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

மதுரைக் குடும்பத்தைப் பக்கத்திலிருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அழைத்துப் போனேன். சுவரிலிருந்த ராமாயண ஓவியங்களின் முன்னால் பாட்டி கால்வலியை மறந்து நின்றார். ஆனால் அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தொழுகைக்கூடமும் வெள்ளி பிற்பகலில் மூடிவிடும். அந்த நேரத்தில் வேனோடு வந்து நின்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.